உன் அப்பாவின் தாலாட்டைக் கிள்ளானில் ஒருத்தி பாடுகிறாள்

அன்புள்ள தம்பி,

உட்கார்ந்து படி. சாப்பிட்டுக்கொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே படிக்கிற கடிதம் இல்லை இது. குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என் குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நடுவில் நான் அழுதால் அதுவும் வேகமாக ஓடி, அணில் கத்துவதுபோல் உன் காதில் விழும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். கிள்ளானில் இருக்கிறாள். உன் அப்பாவின் மகள். உன் கல்யாணத்தில் வந்து பாடச் சொல்லி அவளுக்கு அழைப்பும் போய்விட்டது. அழைத்தது நான் இல்லை, ஆனால் அது போனதற்குக் காரணம் நான்தான். இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் யாரோ வீட்டுக் கதைபோல் இருக்கிறது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

கைப்பேசியில் நான் அந்தப் பாட்டுக் குழுவில் சேர்ந்தபோது நீ எவ்வளவு கேலி செய்தாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாய். வேலை இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை எஸ்டேட் தேநீர்க் கடையில் நின்று, மலை பார்க்க வருகிற சனங்களுக்கு டீ ஊற்றுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் நீ ஜொகூரில், நான் இங்கே, நடுவில் காலி நாற்காலிகள். அந்தக் குழுவில் இருப்பவர்களெல்லாம் நம்மைப் போன்றவர்கள்தான். அதை நடத்துகிறவர் ரவாங்கில் டயர் கடை வைத்திருக்கிறார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சினிமாப் பாட்டு கூடாது. நீயே கட்டிய பாட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உன் வீட்டில் பாடிய பாட்டாக இருக்க வேண்டும். அதனால் அங்கே வருகிற பாட்டுகள் வேறெங்கும் கிடைக்காது. பஸ் ஓட்டுகிற ஒருவர் சிக்னலில் நிற்கும்போது கட்டிய பாட்டைப் போடுவார். சிரம்பானில் ஒரு தாதி, இரவு வேலை முடிந்து காரில் உட்கார்ந்து பாடுவாள். சுருதி விலகும், நடுவில் நாய் குரைக்கும், யாரோ சட்டியைக் கீழே போடுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பாடத் தெரியாத எனக்குக் கேட்கத் தெரியும், கேட்டதை நாலு பேருக்குச் சொல்லத் தெரியும். எந்தப் பாட்டு வந்தாலும் முதலில் பாராட்டி எழுதுவது நான்தான். அங்கே எனக்குப் பெயரே 'மலை அக்கா'.

தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன், புதிதாக வந்ததில் ஒன்றைப் பொறுக்கி நம் குடும்பக் குழுவுக்கும், கோயில் குழுவுக்கும், உனக்குப் பெண் பேசி முடித்த பிறகு சம்பந்தி வீட்டுக் குழுவுக்கும் அனுப்புவது என் பழக்கம். இதில் நான் ஒரு தப்பு செய்வேன். நீயும் செய்வாய், எல்லோரும் செய்கிறார்கள். பாட்டு முடிவதற்குள் பகிர்ந்துவிடுவேன். குரல் பிடித்துவிட்டால் போதும், விரல் போய்விடும். போன செவ்வாய்க்கிழமை புவனா என்று ஒரு பெண் போட்ட பாட்டு வந்தது. இதற்கு முன்னும் அவள் பாட்டு மூன்று நான்கு கேட்டிருக்கிறேன். கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியை. முகம் காட்ட மாட்டாள், குட்டி கித்தார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கை மட்டும் தெரியும்படி பாடுவாள். அன்றைக்குத் துறைமுகத்துக் கப்பல் விளக்குகளைப் பற்றி அவளே கட்டிய வரிகளில் ஆரம்பித்தாள். என்ன குரல் தம்பி! நான் அப்படியே எல்லாக் குழுவுக்கும் அனுப்பி, "காலையிலேயே மனசு நிறைஞ்சு போச்சு, எல்லாரும் கேளுங்க" என்று எழுதியும் விட்டேன். அனுப்பிய பிறகுதான் பாட்டின் பின்பாதி ஓடியது.

"கோசு மூட்ட தூங்குது, கொத்தமல்லி தூங்குது, தக்காளிப் பொட்டிக்குள்ள தலைய சாச்சுத் தூங்குது, நம்ம வீட்டுத் தவுக்கே மட்டும் கண்ண முழிச்சுப் பாக்குது." இதைப் பாடிவிட்டு அவள் வாயாலேயே லோரி ஹாரன் ஊதினாள். முதலில் நீளமாக ஒன்று, பிறகு குட்டியாக இரண்டு. தம்பி, இது உன் தாலாட்டு. உன் அப்பா கட்டியது. காய்கறி லோரி ஓட்டிய மனுஷன், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நடந்துகொண்டே கட்டினார். முதலாளிக்குத்தான் தவுக்கே என்று பெயர், இந்த வீட்டுக்கு இவன்தான் தவுக்கே என்று உன்னைக் கொஞ்சுவார். ஹாரன் வந்தால் நீ சிரித்துவிடுவாய், அப்புறம் எங்கே தூங்குவது! அவர் போனபோது நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை இந்த வீட்டில் யாரும் பாடவில்லை. என்னால் பாட முடியவில்லை. நீயும் மறந்துவிட்டாய். நான் அனுப்பியதைக் கேட்டு, "நல்லா இருக்குமா" என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாய்.

கடை திறந்தாயிற்று. ஒரு வெள்ளைக்காரர் டீ கேட்டார். கொடுத்தேன். சிறிது நேரம் கழித்துக் கூட வேலை செய்யும் சரசு ஓடிவந்து, "அக்கா, அந்த மனுஷனுக்கு வெறும் சுடுதண்ணிய ஊத்திக் குடுத்துருக்கீங்க, அவரும் சக்கர போட்டுக் குடிச்சிக்கிட்டு இருக்காரு" என்றாள். அதைக் கேட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு ஊரெல்லாம் சுற்றும், ஒரு டிரைவர் பாடியதை இன்னொரு டிரைவர் பிடித்துக்கொண்டு போய்த் தன் பிள்ளைக்குப் பாடியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் பாட்டை மறுபடி ஓடவிட்டேன். கடைசியில் ஒரு பழைய புகைப்படம் வருகிறது. கீழே, "எங்க அப்பா. லோரி ஓட்டினாரு. எனக்கு நாலு வயசுல இறந்துட்டாரு. இது அவரோட பாட்டு" என்று எழுதியிருக்கிறாள். படத்தில் ஒரு குட்டிப் பெண்ணைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறவர் பச்சை சுவெட்டர் போட்டிருக்கிறார். முகம்கூட வேண்டாம் தம்பி. அந்த சுவெட்டரின் நடுப் பித்தான் வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு. அந்த வெள்ளைப் பித்தானைத் தைத்தது நான். கிள்ளான் வெயிலில் சுவெட்டரைக் கழற்றாமல் நிற்கிற மனுஷனை இந்த உலகத்தில் எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.

அன்று முழுக்க எனக்குள் ஓடியதை உனக்கு எப்படிச் சொல்வது? பழையது ஒவ்வொன்றும் எழுந்து வந்து வேறு முகம் காட்டியது. கம்போங் ராஜாவில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு அவர் மலை இறங்கினால் மறுநாள் வர வேண்டும். சில வாரம் அதற்கும் மறுநாள் வருவார். "தவுக்கே வேற லோடு குடுத்துட்டாரு" என்பார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன? வரும்போது நண்டு வாங்கி வருவார். இந்தக் குளிர் மலையில் அப்படி நண்டு யார் கண்ணால் பார்த்தார்கள்? நான் பெருமையாக மிளகு தட்டிப் போட்டுச் சமைத்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவேன். "என் வீட்டுக்காரரு கிள்ளான் வரைக்கும் போயி வாங்கியாந்தாரு" என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெரிய மடச்சி பார். இங்கே பாடிவிட்டு மலை இறங்கி அங்கே பாடியிருக்கிறார், அங்கே பாடிவிட்டு மேலே ஏறி இங்கே பாடியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பாட்டு. இன்னொன்று கட்டக்கூட அந்த மனுஷனுக்குச் சோம்பல். எனக்கு எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், அந்தப் பெண் பிறந்தது இல்லை, அந்தப் பாட்டுத்தான். அது நம் வீட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

பகிர்ந்ததை அழித்துவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தால், ஈப்போவிலிருந்து உன் மாமியார் அதற்குள் குரல் அனுப்பியிருந்தார். அதை அப்படியே எழுதுகிறேன். "சம்மந்தி, என்னா கொரலு சம்மந்தி! நானும் ரேவதியும் ரெண்டு தடவ கேட்டோம். கல்யாணத்துல கரோக்கே காரன் வேணாம், இந்தப் பொண்ணையே பாடச் சொல்லலாம்னு அவளுக்கு மெசேஜ் போட்டேன். வரேன்னுருச்சு! ஒங்களுக்கு சர்ப்ரைஸா வைக்கலாம்னு நெனச்சேன், வாய் நிக்கல லா." நல்ல மனுஷி. உன் கல்யாணத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் கொடுக்க நினைத்தார். நான் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால், கேஸ் உருளைகள் அடுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் தெரியுமா? மண்டப வாசலில் நாம் என்ன வைக்கப்போகிறோம்? தகப்பன் இல்லாத மாப்பிள்ளைக்கு, அந்தத் தகப்பன் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கும்படி வைப்பதுதானே வழக்கம்? உன் பெரியப்பா பிரிஞ்சாங் டவுனில் கொடுத்து அதைப் பெரிதாக்கிச் சட்டமும் போட்டாயிற்று. அந்தப் பெண் தன் குட்டி கித்தாரைத் தூக்கிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல், சிரித்த முகத்தோடு உள்ளே நுழைவாள். நுழைந்ததும் அவள் அப்பா மாலை போட்டுக்கொண்டு நிற்பார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உன் பெரியப்பாவைப் பார்க்கக் கியா பார்ம் சந்தைக்குப் போனேன். பள்ளி விடுமுறை, கார்கள் நகரவே இல்லை, பாதி வழி நடந்தேன். அவர் தன் கடையில் சோளம் அவித்துக்கொண்டிருந்தார். "மாமா, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று கைப்பேசியை நீட்டினேன். கேட்டார். ஹாரன் வந்த இடத்தில் அவர் கையில் இருந்த இடுக்கி நின்றது. யார் இந்தப் பொண்ணு என்று அவர் கேட்கவில்லை தம்பி. "இத யாரு ஒனக்குக் குடுத்தா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா மாமா?" என்றேன். "தெரியும் லா. லோரி ஓட்டுன எல்லாத்துக்கும் தெரியும். அவன் படுத்த படுக்கையா போயிட்டான், நீ புள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு நின்ன. அப்ப வந்து என்னத்த சொல்லச் சொல்ற? செத்தவன மறுபடியும் சாகடிக்கவா?" என்றார். "அப்ப எல்லாருமா சேந்து என்னைய மட்டும் சாகடிச்சிருக்கீங்க" என்றேன். ஒரு மலாய்க் குடும்பம் சோளம் என்ன விலை என்று கேட்டு நின்றது. அவர் அவர்கள் பக்கம் திரும்பி விலையைச் சொன்னார்.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு உன் அப்பா மேல் வந்த கோபம் உனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவனிடம் சண்டை போடலாம், சோறு போடாமல் இருக்கலாம், தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டலாம். படத்தில் இருக்கிறவரிடம் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு உனக்காக மறுபடி நேராக்கினேன். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் இதை மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கே போகிறாய் என்று ரேவதியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. சொல்ல முடியாத இடம் என்றால் அங்கே போகாதே. உன் அப்பா என்னை அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நல்ல புருஷன் என்று நானே பத்துப் பேரிடம் சொன்னேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு வீட்டில் ஒருத்தி சோறு வடித்துவைத்துக் காத்திருந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை ரேவதியிடமும் காட்டு. முதல் நாளிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

அந்தப் பெண்ணை வரவிடக் கூடாது என்றுதான் அவளைப் போனில் கூப்பிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம், அதே கேஸ் உருளைகள் பக்கத்தில் நின்றுகொண்டு. கச்சேரி வேண்டாமென்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன். "பரவால்ல ஆண்ட்டி, கல்யாணத்துல இதெல்லாம் மாறும்" என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. வைக்கப் போகும்போது, "ஆண்ட்டி, நீங்க மலை அக்கா தானே? ஒங்க கமெண்ட்ட பாத்துத்தான் நான் அடுத்த பாட்டே போடுவேன். நான் போட்ட மொதப் பாட்டுக்கு நீங்க ஒருத்தருதான் எழுதுனீங்க" என்றாள். அவளை நான்தான் கொண்டாடி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், தெரிகிறதா உனக்கு? "ஒங்க அப்பா பேரு என்னாம்மா?" என்று கேட்டேன். உனக்கே தெரியும், அந்தப் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பள்ளியில், ஆஸ்பத்திரியில், எங்கே கேட்டாலும் உன்னைச் சொல்லச் சொல்வேன், இல்லை எழுதிக் காட்டுவேன். அவள் சட்டென்று சொல்லிவிட்டாள். அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும் நான் தயார் செய்த எல்லாம் போய்விட்டது.

"அவரு என் வீட்டுக்காரரும்மா" என்றேன். அங்கே பள்ளிப் பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில், "ஆண்ட்டி, பிராங்க் பண்றீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். வெள்ளைப் பித்தானைப் பற்றியும், மண்டப வாசலில் வைக்கப்போகும் பெரிய படத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவளோடு சேர்ந்து அழுதேன் என்று நினைக்காதே, எனக்கு அவள் மேலும் கோபம்தான். தன் அம்மாவைப் பற்றி அவளாகவே சொன்னாள். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்வாங்க. ஆனா அப்பா படத்த ஹால்ல மாட்ட விடமாட்டாங்க. அப்பா வரல வரலன்னு பசார்ல லோரி நிக்கிற எடத்துக்கு என்னையும் தூக்கிக்கிட்டுப் போயி நின்னுருக்காங்க. அங்கதான் யாரோ சொல்லிருக்காங்க, அவரு போயி ஒரு மாசம் ஆச்சுன்னு." இதை என்னால் தாங்க முடியவில்லை தம்பி. இங்கே நான் உன்னை வைத்துக்கொண்டு காரியம் எல்லாம் முடித்து வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு லோரியாகப் பார்த்திருக்கிறாள். அவளை நான் திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாய் வரவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று நான் சொல்லவே இல்லை. மகன் கல்யாணம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதிலிருந்து அவளே கணக்குப் போட்டுக்கொண்டு, இடையில் ஒரு மூச்சுகூட விடாமல் அண்ணன் என்றாள். தெரியாது என்றேன். அப்புறம் அவள் கேட்டதுதான் என்னை உடைத்துவிட்டது. "ஆண்ட்டி, அந்தப் பாட்டுல இன்னும் வரி இருக்கா? எனக்கு அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. ஹாரனுக்கு அப்புறம் ஏதோ வரும், அது வரவே மாட்டேங்குது. அதனாலதான் முன்னால நானா கட்டிச் சேத்துக்கிட்டேன்." இருக்கிறது. உனக்கும் நினைவில்லை, உன் பெரியப்பாவுக்கும் தெரியாது, இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லாமல் வைத்திருக்கலாம். அதுவாவது என்னிடம் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு பாடினேன். பாடத் தெரியாத நான், கேஸ் உருளைகளுக்கு நடுவில் நின்று பாடினேன். "வளைவெல்லாம் தாண்டியாச்சு, மேகமெல்லாம் மேல போச்சு, அப்பா லோரி திரும்பி வரும், அதுக்குள்ள நீ தூங்கு." உள்ளேயிருந்து சரசு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியாக அவள் சொன்னது இது. "நான் பாடல ஆண்ட்டி. யாருக்கும் சொல்லவும் மாட்டேன். கல்யாணத்துக்கு மொத நாளு வந்து, அந்தப் பெரிய படத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிரட்டுமா? எங்கிட்ட அந்த ஒரு படம்தான் இருக்கு. அதுலயும் மூஞ்சி சரியாத் தெரியல." வா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்குவாள். தாலியில் மூன்றாவது முடிச்சு போட உன் பெரியப்பா மகளுக்குச் சேலை எடுத்தாயிற்று, தங்கை வந்துவிட்டாள் என்று அதை மாற்றச் சொல்ல மாட்டேன். அவளும் எதுவும் கேட்கவில்லை. உன் மாமியாரிடம் என்ன சொல்வது என்று நீயும் ரேவதியும் பேசி முடிவு செய்யுங்கள். சொன்னால் கல்யாணம் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, சிரித்துக்கொண்டே மறைக்கிற வேலையை மட்டும் நீ ஆரம்பிக்காதே. அதை இந்த வீட்டில் ஒருவர் செய்தது போதும்.

அவள் வரக் கூடாது என்று நீ நினைத்தால், அதை என் மூலமாகச் சொல்லாதே. இதற்குக் கீழே அவள் எண்ணை எழுதியிருக்கிறேன், நீயே கூப்பிட்டுச் சொல். அவள் குரலைக் கேட்டுவிட்டு உன்னால் சொல்ல முடிந்தால் சொல். வரட்டும் என்று நினைத்தால் சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. நீ போகவில்லை என்றால் நான் போவேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், தம்பி. அந்த மனுஷனிடம் கேட்க முடியாததை எல்லாம் கேட்பதற்கு எனக்கு ஒரு முகம் வேண்டும். அவர் சாயல் அதில் இருந்தால் நடுத்தெருவில் நின்று திட்டுவேன், மனசு ஆறும்வரை திட்டுவேன். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

உன் அம்மா